மச்சானின் ஃபெண்டரும் என் உப்புத்தாளும்

பிப்ரவரி 18, செவ்வாய்

பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. முன்னெல்லாம் எந்த வண்டிக்கு எந்த நிறம் எத்தனை கிராம் என்று இதில்தான் எழுதி வைப்பேன். இப்போது அதை கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. டைரி சும்மா கிடக்கிறதே என்று என் கதையை எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் படிக்கிறவர் பொறுத்துக்கொள்ளணும். படிக்கப்போகிறவன் நான்தான், பொறுத்துக்கொண்டேன்.

இன்று ஒருவர் புது வண்டியோடு வந்தார். கதவில் முடி அளவு கீறல். அழாத குறை.

"ஐயா, பயப்படாதீங்க, பொழைச்சுக்கும். ரத்தம் ஏத்த வேண்டியிருக்காது"ன்னேன்.

மனுஷன் முறைத்தார். பக்கத்துப் பட்டறையில் நசுங்கின தகட்டைத் தட்டிக்கொண்டிருந்த டமாரம் (பட்டப்பெயர்தான்) சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். முப்பது வருஷம் தகடு தட்டி அவனுக்குக் காது பாதிதான் கேட்கும். ஆனால் என் நக்கல் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். சாயந்திரம் கீறல் இருந்த இடம் தெரியவில்லை. அதுதான் என் தொழில். இருந்ததை இல்லாமல் ஆக்குவது.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரி முகம் சரியில்லை. "அண்ணன் இன்னும் பெட்டியத் திறக்கலையாம்."

பிப்ரவரி 23, ஞாயிறு

மச்சான் வீட்டுக்குப் போய் வந்தோம். மச்சான் என்றால் வீட்டுக்காரியின் அண்ணன். வயது அறுபது. வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கிற வேலையிலிருந்து இப்போதுதான் ஓய்வு. ஆனால் அவரைக் கேட்டால் மீட்டரைச் சொல்ல மாட்டார், கித்தார்க்காரன் என்றுதான் சொல்வார். கல்யாண வரவேற்பு, கிளப், ஓட்டல் என்று முப்பத்தேழு வருஷம் வாசித்தவர்.

அவருக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்கினால் மடங்கியபடி மாட்டிக்கொண்டது. ஜனவரியில் ஆபரேஷன். தையலும் பிரித்தாயிற்று. "வாசிங்க, அதுதான் நல்ல பயிற்சி" என்று டாக்டரே சொல்லிவிட்டார். இவரோ ரப்பர் பந்தை வைத்து அமுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார். கித்தார் பெட்டி கட்டிலுக்கு அடியில்.

"என்ன மச்சான், பந்துல என்ன ராகம் வருது?"

"அந்த டாக்டர்ட்ட என் கையக் காட்டினதுக்குப் பதிலா உன் வாயக் காட்டியிருக்கணும்யா மாப்ளே. தையல் போட்டிருப்பாரு, நிம்மதியா இருந்திருக்கும்."

நான் விடவில்லை. பெட்டியை நானே இழுத்துத் திறந்தேன். ஃபெண்டர். கித்தாரில் அது கம்பெனி பேர், எங்கள் தொழிலில் ஃபெண்டர் என்றால் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகடு. அதைச் சொல்லியே இந்த மனுஷனை எத்தனை வருஷம் வெறுப்பேற்றியிருக்கிறேன். "மச்சான் கல்யாணத்துல மட்கார்டு வாசிக்கிறாரு" என்று.

அதன் நிறம் பச்சையா சாம்பலா என்று எனக்கே சொல்ல வராது. எனக்கு! வலது கை உரசுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய் வெறும் மரம். பின்பக்கம் பெல்ட் பட்டு, நாய் பிராண்டின கதவு மாதிரி. கித்தாரின் தலைப்பக்கம் ஒரு சிகரெட் சுட்ட கருப்பு. மச்சான் சிகரெட்டை விட்டு இருபது வருஷம் ஆயிற்று, ஆனால் அந்தக் கருப்பு கண்ணில் பட்டால் அக்கா இன்றைக்கும் ஒரு சண்டை போடுவார். (அக்கா என்றால் மச்சான் மனைவி. எனக்கு அக்கா முறை.)

"மச்சான், கார்க்காரன் மூணு வருஷத்துக்கு ஒருதரம் விளக்க மாத்துறான், மூக்க மாத்துறான். இந்த ஃபெண்டர்க்காரன் மட்டும் எழுபது வருஷமா கித்தாருக்கு அதே கொம்பு ரெண்ட வச்சே ஓட்டுறானே, எப்படி?"

"முதல் தடவையே சரியா செஞ்சுட்டான்யா. அப்புறம் என்னத்த மாத்துறது?"

சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். கம்பியைத் தொடப் போனார். விரல் பாதியில் நின்றது. கையை இழுத்துக்கொண்டார்.

மே 17-ஆம் தேதி அவர்கள் கோஷ்டி டிரம்ஸ்காரரின் மகளுக்கு வரவேற்பு. கோஷ்டியே மறுபடி சேர்ந்து வாசிக்கிறதாம். மச்சான் மட்டும், "வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றார். அக்கா சமையலறைக்குள் போய்விட்டார். அழத்தான் போனார் என்று தெரியும்.

பிப்ரவரி 24, திங்கள்

அந்தக் கை பாதியில் நின்றதே. நாள் முழுக்க அதே ஞாபகம்.

மார்ச் 2, ஞாயிறு

மச்சானும் அக்காவும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு வாரம். சாவி எங்களிடம்.

எனக்கு ஒரு யோசனை. என்னிடம் எத்தனை பேர் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள், இனி ஓட்டவே போவதில்லை என்று. பெயிண்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால் அன்றைக்கே குடும்பத்தோடு ஏறி ஊர் சுற்றப் போவார்கள். பார்த்திருக்கிறேன். பளபளப்புக்கு அந்தச் சக்தி உண்டு. அந்தக் கித்தாரைப் புதுசாக்கி வைத்தால் மச்சான் கை தானாகப் போகாதா?

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யுங்க" என்றாள்.

"கேட்டுட்டு செஞ்சா அது சர்ப்ரைஸ் இல்லடி, சர்வீஸு."

அவள் சிரித்தாள். சிரித்ததை சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

கித்தாரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். எட்டு நிமிஷம்! கழுத்து நாலே ஸ்குரூவில் நிற்கிறது. ஒட்டு இல்லை, ஒளிவு இல்லை. முன்னால் இருக்கிற வெள்ளைத் தகட்டைக் கழற்றினால் காந்தம், ஒயர் எல்லாம் அதோடு கையில் வந்துவிடுகிறது. எந்த ஒயர் எங்கே என்று இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே படம் போட்டு வைத்தேன். இதைச் செய்த மகராசன், நாளைக்கு இன்னொருத்தன் இதை ரிப்பேர் செய்வானே என்று நினைத்துச் செய்திருக்கிறான். கார் செய்கிறவர்களில் ஒருத்தனாவது அப்படி நினைத்ததுண்டா? ஒரு பல்பு மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

கழுத்தின் அடியில் பென்சிலில் ஒரு தேதி. மாதம், வருஷம். நான் பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்னால். மச்சான் பிறந்த அதே வருஷம்! பென்சில் எழுதினவர் யாரோ. நானும் கார்க் கதவின் உள் அட்டைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் என் முதல் எழுத்தைப் போட்டு வைப்பவன்தான். அதனால் அந்த இடத்தில் கை வைக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். வெள்ளைத் தகட்டுக்கு அடியில், வெயிலும் புகையும் படாத இடத்தில், நிறம் பச்சை இல்லை. நீலம். வெளுத்த, சுத்தமான, காலைநேர வானம் மாதிரி நீலம். மேலே பூசியிருந்த லாக்கர் வார்னிஷ் பழுத்து மஞ்சளாகி நீலத்தைப் பச்சையாகக் காட்டியிருக்கிறது. காரிலும் இப்படித்தான். உண்மையான நிறம் தெரியணும் என்றால் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கணும். மச்சானுக்கே தெரியாத நிறம் அவர் மடியிலேயே இவ்வளவு வருஷம் இருந்திருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

தேய்த்தேன். முதலில் நூற்றெண்பது நம்பர் உப்புத்தாள், பிறகு முந்நூற்றிருபது, பிறகு அறுநூறு. கீழ் ஓரத்தில் சுண்டுவிரல் நுனி இறங்குகிற பள்ளம் ஒன்று. பட்டி வைத்து அடைத்தேன். இப்போது கண்ணை மூடித் தடவினாலும் தெரியாது.

தலையையும் அதில் இருக்கிற பெயரையும் தொடவில்லை. சிகரெட் கருப்பும் அங்கேயே இருக்கட்டும், அக்காவுக்குப் பொழுது போகணுமே.

மார்ச் 8, சனி

முடிந்தது. நீலம் மூன்று கை, அதன் மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு. ஈரத்தாளில் தேய்த்து, ரப்பிங் போட்டு மெருகேற்றினேன். என் மூக்கு மயிர் தெரிகிறது அதில். டமாரம் வந்து வெகுநேரம் பார்த்தான். "கண்ணாடி வாங்க வேணாம்டா வீட்டுக்கு" என்றான். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. வெள்ளைத் தகட்டை மூடுவதற்கு முன்னால் உள்ளே என் முதல் எழுத்தைப் பென்சிலில் போட்டேன். மிச்ச நீலத்தை சின்னப் பாட்டிலில் ஊற்றி பெயர் ஒட்டி வைத்தேன். எந்த வேலைக்கும் அப்படித்தான், நாளைக்குக் கீறல் பட்டால் டச்சப் செய்ய.

மார்ச் 16, ஞாயிறு

கொடுத்தேன்.

மச்சான் பெட்டியைத் திறந்தார். பார்த்தார். நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். ஒரு நிமிஷம் இருக்குமா? வேறு யாரோ வீட்டுப் பெட்டியைத் தவறுதலாகத் திறந்துவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு வலது கையை அந்த வெறும் மரம் இருந்த இடத்தில் வைத்தார். கை வழுக்கியது.

"அழகா இருக்குய்யா"ன்னார். மூடினார். கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பேரப்பிள்ளை பல் முளைத்த கதை பேச ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்காரி மட்டும் போய்ப் பெட்டியைத் திறந்து கீழ் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். என் வேலையைத்தான் மெச்சுகிறாள் என்று நினைத்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் தன் சுண்டுவிரலையே தேய்த்துக்கொண்டு வந்தாள்.

என்னய்யா பண்ணிட்டேன் நான்? திட்டினா பரவால்ல. அழகா இருக்குன்னா என்ன அர்த்தம்? அவர் வாயில "அழகு"ன்னு ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல. என் கல்யாணத்துல என்னப் பாத்தே "பரவால்ல"ன்னுதான் சொன்னாரு.

மார்ச் 17, திங்கள்

ஒரு பானட்டில் பெயிண்ட் வழிந்துவிட்டது. எனக்கு! தேய்த்து மறுபடி அடித்தேன். மறுபடி வழிந்தது.

மார்ச் 19, புதன்

துணி மடிக்கும்போது வீட்டுக்காரி தானாகவே சொன்னாள்.

"அந்தப் பள்ளம் என்னோடது."

"எந்தப் பள்ளம்?"

"நீங்க பட்டி வச்சு அடைச்சீங்களே. எனக்குப் பதினொரு வயசு. அண்ணன் அத வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல. யாரும் இல்லாதப்ப எடுத்து மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னேன். வார் நழுவிருச்சு. படிக்கட்டு முனைல போய் விழுந்துச்சு. பெட்டில வச்சு மூடிட்டு ஜுரம்னு ஒரு வாரம் படுத்துக்கிட்டேன்."

"அடிச்சாரா?"

"ஒரு வார்த்தை கேக்கல. கொஞ்ச நாள் கழிச்சு என் கையப் புடிச்சு, சுண்டுவிரல அந்தப் பள்ளத்துல வச்சு, 'இது உன்னோடது'ன்னாரு. அவ்வளவுதான். அதுலேர்ந்து எப்ப அங்க போனாலும் ஒருதரம் தொட்டுட்டுத்தான் வருவேன். நம்ம கல்யாணம் ஆகி வீட்டவிட்டுக் கிளம்பறப்பக்கூட."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"பெயிண்ட் அடிக்கிறேன்னுதான சொன்னீங்க. அடைப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. கத்த மாட்டார்கள், மூடி வைப்பார்கள்.

மார்ச் 22, சனி

பெரிய தெருவில் இருக்கிற கித்தார் கடைக்குப் போனேன். இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறேன், உள்ளே போனதில்லை. சுவர் முழுக்கத் தொங்குகிறது. அதில் பாதி, மச்சான் மடியில் இருக்கிற அதே கொம்பு, அதே இடுப்பு. வேறு கம்பெனிகள்கூட அதைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த கார்களெல்லாம் இன்றைக்கு இரும்புக் கடையில். என் பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த உருவத்தை யாரும் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. இதை மட்டும் ஏன்?

ஒரு மூலையில் கண்ணாடிக்குள் மூன்று. ஒன்றில் பெயிண்ட் உரிந்து மரம் தெரிகிறது, ஒன்றில் பின்பக்கம் முழுக்கக் கீறல், ஒன்றில் ஆணியெல்லாம் துரு.

"பழசையெல்லாம் வாங்கி விக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"பழசில்லங்க. போன மாசம் வந்தது. ஃபேக்டரிலயே கீறல் போட்டுத்தான் அனுப்புறாங்க."

"காசு குறைச்சலா?"

"ஜாஸ்தி."

சிரித்தேன் பாருங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வாழ்நாள் முழுக்க நான் கீறலை எடுத்துச் சாப்பிடுகிறேன், இங்கே ஒருத்தன் கீறலைப் போட்டுச் சாப்பிடுகிறான்! கடைக்காரரும் சிரித்தார். நல்ல மனுஷன். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவருக்குக் கித்தார் வாசிக்கவே வராதாம், ரேடியோ ரிப்பேர் பார்த்தவராம். அதனால்தான் நாலு ஸ்குரூ! அந்தக் காலத்தில் கித்தாருக்குக் காருக்கு அடிக்கிற பெயிண்ட்டைத்தான் அடித்தார்களாம். "அப்ப நாங்க சொந்தக்காரங்க"ன்னேன்.

அந்த உற்சாகத்தில் மச்சான் கதையையும் நான் செய்ததையும் சொல்லிவிட்டேன். நீலம், மூன்று கை, கிளியர்.

அவர் முகம் மாறியது. "பழைய பெயிண்ட்டையா தேய்ச்சீங்க?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

கடையில் வேறு யாரோ ஏதோ கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கத்திலேயே இன்னொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

"இது ஏன் இத்தனை வருஷமா விக்குது தெரியுமா? சத்தம் ஒரு காரணம், சரி. ஆனா இத வச்சிருக்கிறவன் கை படுற இடமெல்லாம் இது தேஞ்சு குடுக்கும். பத்து வருஷம் போனா அவன் கைக்குன்னே செஞ்ச மாதிரி ஆயிரும். அந்தப் பத்து வருஷம் இல்லாதவன்தான் இந்தக் கீறல காசு குடுத்து வாங்குறான். உங்க மச்சான் முப்பத்தேழு வருஷம் போட்டிருக்காரு."

எனக்குப் புரிந்தது.

மார்ச் 24, திங்கள்

டமாரத்திடம் சொன்னேன். காது கேட்காதவனிடம் ரகசியம் சொல்வது எவ்வளவு கொடுமை. பட்டறை முழுக்கக் கேட்கக் கத்த வேண்டியிருந்தது. கடைசியில் அவன், "நீ எடுத்த கீறலத் திருப்பிப் போட்டுரு, முடிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டப் போய்விட்டான்.

அட. ஃபேக்டரிக்காரனால் முடியும் என்றால் என்னால் முடியாதா?

மார்ச் 30, ஞாயிறு

ஒரு வாரமாக வேறு நினைப்பே இல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் மச்சான் வாசிக்கிற படம் நாலு. அக்காவிடம் ஏதோ பொய் சொல்லி இன்னும் ஆறு படம் வாங்கினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, படத்தின் மேலேயே ஒவ்வொரு கீறலுக்கும் நம்பர் போட்டேன். நாற்பத்தொன்று வந்தது. படத்தில் தெரியாதது எத்தனையோ.

பலகையில் நீலம் அடித்துப் பழகினேன். சாவிக்கொத்தில் அடித்தால் பெல்ட் கீறல் வருகிறது. லாக்கரில் துளி மஞ்சள் கலந்தால் அந்தப் பழுத்த பச்சை வருகிறது, அப்படியே வருகிறது! கை உரசிய இடத்துக்கு நனைத்த துணியும் பொறுமையும் போதும். டமாரத்திடம் காட்டினால், "எந்தக் குப்பைல எடுத்த?" என்கிறான். அவ்வளவு தத்ரூபம். எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது. இவ்வளவு நாளும் நான் எடுத்த கீறலெல்லாம் கையிலேயே தங்கியிருந்ததோ?

வீட்டுக்காரி பலகையைப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். பள்ளம் எங்கே வரும் என்று காட்டினேன். விரல் வைக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

படங்கள், பலகை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். தனியாக. இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்யணும் என்று. மேஜையில் பரப்பினேன். "தப்புப் பண்ணிட்டேன் மச்சான். ரெண்டு வாரம் குடுங்க. ஒண்ணு விடாம பழையபடி ஆக்கிடுறேன்."

மச்சான் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். என் நம்பர்களைப் பார்த்தார். பலகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு வந்தது.

"இதென்னய்யா இது, பதினேழு? இருபத்திமூணு? என் கீறலுக்கு நீ நம்பர் போட்டிருக்கியா?"

"மச்சான், ஒண்ணும் விட்டுப் போகக் கூடாதுன்னு..."

"யாரு கேட்டா உன்ன? பெயிண்ட் அடின்னு கேட்டேனா? எடுத்தப்பவும் கேக்கல, இப்ப வந்து போடவாங்கிற! நாளைக்கு நான் செத்துப் போனா என்ன மாதிரியே ஒரு ஆளப் பண்ணி இந்த நாற்காலில உக்கார வச்சிருவ போல! சுருக்கம்லாம் போட்டு!"

அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்.

"முப்பத்தேழு வருஷமா நானும் அதுவும் ஒண்ணா கிழடாயிட்டு வந்தோம்யா. பல்லு போச்சு, பெயிண்ட் போச்சு, ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு. இப்ப நான் மட்டும் கிழவன், அது மட்டும் குமரி. மடில வச்சா எனக்கே கூச்சமா இருக்கு! இந்த வராத விரல வச்சுக்கிட்டு அது முன்னாடி நான் எப்படி உக்காருவேன்?"

மூச்சு வாங்கினார். ஆனால் என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா? "அப்ப மடில வச்சுப் பாத்திருக்கீங்க"ன்னேன்.

"வெளிய போய்யா!"

போனேன். வாசலில் நின்று, "நான் என்னதான் மச்சான் செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாத. வாழ்க்கைல ஒரு தடவை ஒண்ணுமே செய்யாம இரு."

படிக்கட்டு இறங்கும்போது அக்கா பின்னாலேயே ஓடிவந்தார். "தம்பி, கோவிச்சுக்காத. ஆபரேஷனுக்கு அப்புறம் அவரு இவ்வளவு சத்தமா பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. கையில் கரண்டி.

ஏப்ரல் 7, திங்கள்

பலகையை அடுப்பில் போட்டேன். படங்களை ஆல்பத்தில் திருப்பி ஒட்டினேன். நம்பர்கள் அழியவில்லை.

ஏப்ரல் 12, சனி

ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி? யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை. எனக்குக் கை அரிக்கிறது. நேற்று எங்கள் வீட்டுக் கதவைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். இன்று ஜன்னல். வீட்டுக்காரி, "என் பக்கம் மட்டும் உப்புத்தாளோட வந்துறாதீங்க, எனக்கு இருக்கற சுருக்கம் போதும், அப்படியே இருக்கட்டும்" என்கிறாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒரு மாதம் ஆயிற்று அவள் அப்படிச் சிரித்து.

ஏப்ரல் 20, ஞாயிறு

போன் செய்தேன். அக்கா எடுத்தார். "தூங்கறாரு" என்றார். பகல் பதினொரு மணிக்கா? என்னோடு பேசப் பிடிக்காமல் மச்சான்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார். இருக்கட்டும். பின்னால் ஏதோ டொக் டொக் என்று சத்தம் கேட்டது. குழாய் சொட்டுகிறதாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஒரு வண்டி வந்தது. பழசு. சொந்தக்காரர் வயதானவர். பின் கதவில் ஒரு நசுங்கல், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடிக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேறு நாளாயிருந்தால் அவரைக் கேலி பண்ணியே கொன்றிருப்பேன்.

"எது இருக்கணும், எது போகணும், நீங்களே சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுங்க ஐயா" என்றேன்.

அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கோடு போட்டார். காத்திருந்தேன்.

மே 4, ஞாயிறு

அக்கா கூப்பிட்டார், இருவரும் போனோம். மச்சான் வாசலுக்கே வந்தார். "வாய்யா, என் ரெண்டாவது பொண்டாட்டிக்குப் பவுடர் போட்டவரே." அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தார். அப்பாடா, நக்கல் திரும்பி வந்துவிட்டது என்று நான் உட்கார்ந்தேன்.

டீ வந்தது. மகள் கதை, டாக்டர் கதை, பக்கத்து வீட்டு நாய் கதை. நான் மறந்தும் கித்தார்ப் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், "பதினேழாம் தேதிக்கு வேற ஆளு கிடைச்சாச்சா மச்சான்?" என்று மட்டும் கேட்டேன்.

"கிடைச்சாச்சாம். யாரோ ஒரு கிழவனாம். ரெண்டு விரலு சரியா வராதாம். என்ன பண்றது, கல்யாண சீசன், வேற ஆளு இல்ல போல." முகத்தில் ஒரு அசைவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

கை கழுவ உள்ளே போனேன். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கித்தார் கட்டிலுக்கு அடியில் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது. சாயந்திர வெயில் சாய்வாக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. பெயிண்ட் வேலை சரியா தப்பா என்று பார்க்க அந்த வெளிச்சம் போல வேறில்லை.

வலது கை படுகிற இடத்தில் என் பளபளப்பு செத்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிசாக, வட்ட வட்டமாக ஒரு மங்கல். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நாள் இரண்டு நாளில் வருகிற மங்கல் இல்லை அது. தினமும் இரண்டு மூன்று மணி நேரம், வியர்த்த கையோடு, மூன்று நாலு வாரமாவது உரசியிருக்கணும். என்னைத் திட்டி அனுப்பினதுக்கு மறுநாள், ஏப்ரல் ஏழாம் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். சரியாக வருகிறது.

சட்டைப்பையில் ரப்பிங் துணி எப்போதும் இருக்கும். கை தானாகப் போனது. நாலு தேய் தேய்த்தால் கண்ணாடியாகிவிடும்.

துணியைப் பைக்குள்ளேயே விட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"பாவம் அந்தக் கிழவன்" என்றேன்.

"ஆமாய்யா. பாவம்" என்றார் மச்சான்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரி, "என்ன, தானா சிரிச்சுக்கிட்டே வர்றீங்க?" என்று கேட்டாள். காரணத்தைச் சொல்லவில்லை. பதினேழாம் தேதிக்கு என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொன்னேன். பட்டறைப் பக்கம் வண்டியை நிறுத்தி, பெயர் ஒட்டி வைத்திருந்த அந்த நீலப் பாட்டிலை எடுத்துக் கழிவு டின்னில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.